சுற்று என்பதும் திரும்பல் என்பதும்

2023 ஜூலை 12, புதன்கிழமை, காலை பத்து இருபது. வெயில் முப்பத்தாறு டிகிரி. காற்று இல்லை. மலை உச்சியில் ஒரு துண்டு மேகம் நகராமல் நின்றது. அந்த நேரத்தில்தான் மாடியில் குடியிருந்த பெண் எங்கள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, தலைக்குள் விளக்கு வைத்த சுண்டெலியை எனக்கும் என் மனைவிக்கும் காட்டினாள்.

அவள் வேலூர்க்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில் மூளையைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குக் குடிவந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு எழுபத்து நான்கு வயது, மனைவிக்கு அறுபத்தெட்டு. மனைவிக்கு ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன் நோய். வலது கை நடுங்கும். அன்று அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மூன்றில் ஒரு கொட்டை கீழே விழுந்தது.

திரையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு கறுப்பு எலி. உச்சந்தலை ரோமத்துக்கு அடியில் நீலமாக ஒரு புள்ளி எரிந்தது.

"பேட்டரி எங்கம்மா?" என்றேன்.

"பேட்டரியே இல்ல சார். பெட்டிக்கு வெளியில செம்புக் கம்பி சுருளா ஓடுது பாருங்க. அதுலேர்ந்து கரண்ட் காத்துலயே போவுது. மண்டைத் தோலுக்கு அடியில இருக்கற குட்டிச் சுருள் அத வாங்கிக்கும். மொத்தமே ரெண்டு அரிசி எடைதான். அதுலேர்ந்து முடி மாதிரி ஒண்ணு மூளைக்குள்ள எறங்குது, அதோட நுனியில வெளக்கு."

"ஒயரே இல்லாமயா?" என்றாள் மனைவி.

"ஒயரே இல்ல ஆன்ட்டி. முன்ன எல்லாம் மண்டையிலேர்ந்து ஒரு கண்ணாடி இழை மேல போவும். எலி சுத்தினா இழை முறுக்கிக்கும், எலி நின்னுடும். நாங்க பாக்கறதே சுத்தறதத்தான். அதான் இது."

"மூளைக்கு வெளிச்சம் எப்படி தெரியும்? அதுக்கு இன்னா கண்ணா இருக்கு?" என்றாள் மனைவி.

மாடிப் பெண் சிரித்தாள். "கரெக்டா கேட்டீங்க. கண்ணு இல்ல. அதனால நாங்களே குடுக்கறோம். குளத்துப் பாசியில வெளிச்சம் பட்டா வேலை செய்யற ஒரு புரதம் இருக்கு. அதோட மரபணுவ ஒரு வைரஸ்ல ஏத்தி, மூளையில குறிப்பிட்ட எடத்துல விடுவோம். அங்க இருக்கற செல்லு அப்புறம் வெளிச்சத்துக்கு அசையும்."

"பாசியா?"

"பாசிதான்."

"இவரு தண்ணித் தொட்டிய கழுவி வருஷக்கணக்குல ஆவுது. எத்தினி வேணுமோ எடுத்துக்க பாப்பா."

தொட்டியைக் கழுவி பதினாறு மாதம்தான் ஆகியிருந்தது. அதைச் சொன்னேன். இருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவள் வந்தது எலியைக் காட்டுவதற்காக மட்டும் இல்லை. அந்த எலிகளுக்கு மூளையின் ஒரு பக்கத்தில், என் மனைவிக்கு அழிந்துகொண்டிருக்கும் அதே வகைச் செல்களை மருந்து கொடுத்து அழித்திருந்தார்கள். அப்படி ஒரு பக்கம் மட்டும் பழுதான எலி அந்தப் பக்கமாகவே சுற்றும். வெளிச்சம் கொடுத்தால் அது குறைகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. பதினாறு எலிகள், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடப் படம் ஆறு. ஆக தொண்ணூற்றாறு படம். எல்லா எலிக்கும் விளக்கு உண்டு. எட்டுக்குத்தான் பாசியின் மரபணு உண்டு. எந்த எட்டு என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. கூடத்தில் இருந்தவர்கள் எலியைப் பார்த்தே எது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மென்பொருள் ஒன்று வைத்திருந்தார்கள், அது வாலைத் தலை என்று நினைத்துத் தப்பாக எண்ணியது.

"உங்கள விட்டா எனக்கு யாரு சார் இருக்காங்க. பால்காரர் எத்தினி சொட்டு கம்மியா ஊத்தினார்னு சொல்றவரு நீங்க."

நான் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும் மணிலாக் கடலையும் அறுவடையாகும் காலத்தில், விளைச்சலை மதிப்பிட வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடைபோடுவது எங்கள் வேலை. எந்த இடத்தில் கயிறு கட்டுவது என்பதை அட்டவணையில் உள்ள எண் சொல்லும். நன்றாக விளைந்த மூலையைக் காட்டி "இங்க கட்டுங்க சார்" என்பார்கள். காய்ந்த மூலையைக் காட்டி நஷ்ட ஈட்டுக்குக் கேட்பவர்களும் உண்டு. எண் சொன்ன இடத்தில் கட்டிவிட்டு வருவேன். எது எந்த எலி என்று தெரியாமல் எண்ணுவது எனக்குப் புதிது இல்லை. சரி என்றேன்.

ஒரு நாளைக்கு நான்கு படம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு, காபிக்குப் பிறகு இரண்டு. இருபத்து நான்கு நாளில் முடித்துக் கொடுத்தேன். கொடுத்த மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் கீழே இறங்கி வந்தாள். கையில் என் தாள்கள்.

"சார், பதினொண்ணாவது படத்துல மூணு சுத்துனு போட்டிருக்கீங்க."

"மூணுதான்."

"நான் எண்ணினேன். நாப்பத்தொண்ணு வருது."

இருவரும் படத்தைப் போட்டுப் பார்த்தோம். எலி பெட்டியின் நடுவில் நின்ற இடத்திலேயே வாலைத் துரத்துவதுபோலத் திரும்பிக்கொண்டே இருந்தது. அப்புறம் சுவர் ஓரமாக நான்கு மூலையும் தொட்டு, புறப்பட்ட மூலைக்கு வந்து சேர்ந்தது. "இதோ ஒண்ணு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்போ நடுவுல பண்ணதெல்லாம்?"

"அது நின்ன எடத்துல திரும்பறது. சுத்தறது எப்படி ஆவும்?"

"சார், எலிய கிரிவலம் அனுப்பிட்டீங்க."

"நீ சுத்துனுதானே சொன்ன?"

"சுத்துனுதான் சொன்னேன். தன்னைத்தானே சுத்தறது."

"அத்த திரும்பறதுனு சொல்லணும்."

சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்: "இந்த ஊர்ல பொறந்தவர்கிட்ட சுத்துனு சொன்னா செருப்பக் கழட்டி வெச்சுட்டுக் கெளம்பிடுவாரு. நீ வேலூரு, உனக்குத் தெரியாது."

அவள் சொன்னது சரி. இங்கே சுற்று என்றால் ஒன்றை வலமாக வந்து, புறப்பட்ட இடத்திலேயே போய்ச் சேர்வது. பாதியில் அடி அண்ணாமலையில் ஆட்டோ பிடித்தவர் சுற்றியதாக யாரும் ஒத்துக்கொள்வதில்லை. நின்ற இடத்தில் திரும்புவதற்கு அந்தச் சொல் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. மாடிப் பெண்மேல் கோபம் வரவில்லை, என்மேலும் வரவில்லை. மறுநாள் முதல் படத்திலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டாம் முறை திரும்பலை மட்டும் எண்ணினேன். எண்ணத் தொடங்கி நான்காம் நாள், படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். மனைவி அடுப்பை விட்டு, பின்னால் இருக்கும் தொட்டிப் பக்கம் திரும்பினாள். பாதம் தரையைவிட்டு எழும்பவில்லை. கடிகார முள் போல ஒவ்வொரு அடியாகத் தேய்த்துத் தேய்த்துத் திரும்பினாள். பதினொரு அடி. திரும்பி முடித்ததும் தொட்டிவரைக்கும் நேராக, நன்றாகவே நடந்தாள். ஒன்பது வருடம் நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்புவதை எண்ணச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"இன்னாங்க, தண்ணி குடிக்க வந்துட்டு என் காலயே பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"எலிய விட்டுட்டு இப்ப என்னிய எண்ண ஆரம்பிச்சாச்சா?"

அந்த மாதக் கடைசியில் சென்னை மருத்துவரிடம் போகும் முறை வந்தது. நான்கு மாதத்துக்கு ஒரு தடவை போவோம். அவர் என் மனைவியை நடைபாதையில் நடக்கவிட்டு, திரும்பி வரச் சொன்னார். "பதினொரு அடிங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தானும் எண்ணினார். அன்றைக்குப் பன்னிரண்டு.

"மாத்திரையில இனிமே பெரிசா முன்னேற்றம் இருக்காதும்மா. மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒரு கம்பி வெக்கலாம். கழுத்துத் தோலுக்கு அடியில ஒயர் வரும், நெஞ்சுல ஒரு சின்னப் பெட்டி. அதுலேர்ந்து கரண்ட் போகும். நடுக்கம் நல்லா அடங்கும். திரும்பறது, தடுமாறறது இதுக்கெல்லாம் அவ்வளவா கேக்காது. ஆனா மொத்தத்துல நல்லா இருப்பீங்க. எழுபது தாண்டிட்டா நாங்களே தயங்குவோம். இப்ப செஞ்சா நல்லது."

மனைவி கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஒயர் இல்லாதது வந்திருக்குங்களே டாக்டர்."

"யார் சொன்னாங்க?"

"எங்க மாடியில இருக்கற பாப்பா. எலிக்கு வெச்சிருக்கு. வெளக்கு வெச்சு."

"எலியா இருந்தா நானும் அதத்தான்மா வெப்பேன்."

அவரோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். வெளியே வந்ததும் சொன்னாள்: "எலிக்கு ஒயர் இல்லாம, எனக்கு மட்டும் ஒயரா? அது வரட்டும். வந்ததும் வெச்சுக்கறேன்."

நாங்கள் திரும்பிய அன்று ஆவணிப் பௌர்ணமி. மத்தியானத்துக்கு மேல் பேருந்து ஊருக்குள் வரவில்லை. தற்காலிக நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். ஆட்டோவையும் ஒரு இடத்துக்கு மேல் போலீஸ் விடவில்லை. எங்கள் தெருவுக்குப் போக கிரிவலப் பாதையில் முக்கால் கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். கூட்டம் போகும் பக்கமேதான் நாங்களும் போனோம். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நன்றாக நடந்தாள். முன்னால் போகிறவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் தானாகப் போகிறது என்றாள்.

எங்கள் தெரு முனை வந்தது. இடது பக்கம் திரும்ப வேண்டும். கால் நின்றுவிட்டது. பாதம் ஒட்டினதுபோல நின்றாள். பின்னால் வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"பாட்டி, ஓரமா நில்லுங்க."

"மயக்கமா இருக்குது போல, தண்ணி குடுங்க."

"சாமி வந்திருக்குமோ?"

ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு என் மனைவியின் காலைத் தொடக் குனிந்தாள். "எனக்கு ஒண்ணும் வரலம்மா, வூட்டுக்குத்தான் போகணும்" என்றாள் மனைவி. நான் எண்ணினேன். அந்தக் கால் வட்டத்துக்கு அவளுக்கு ஏழு நிமிடம் ஆனது. எனக்குப் பயமாகவோ அவமானமாகவோ இருந்திருக்க வேண்டும். ஏழு நிமிடம் என்பதுதான் நினைவில் இருக்கிறது.

அடுத்த வாரம் மாடிப் பெண்ணை உட்காரவைத்துக் கேட்டேன். மனைவியும் இருந்தாள்.

"மனுஷங்களுக்கு இது எப்ப வரும்?"

"ஆன்ட்டிக்கா? சார், ஆன்ட்டி காத்திருக்கறாங்கன்னா அது என் தப்பு. நான் தெளிவா சொல்லல." அவள் மனைவி பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, வெறும் வெளிச்சத்தால ஒண்ணும் ஆவாது. பாதி எலிக்கு வெளக்கு மட்டும்தான் வெச்சிருக்கு. அதுங்க தலையிலயும் நீலமாத்தான் எரியுது. மரபணுவ உள்ள விட்டாத்தான் வேலை. உங்க வியாதிக்கு மனுஷ மூளையில அப்படி விடறதுக்கு இன்னும் எவ்வளவோ தாண்டணும்."

"எத்தினி வருஷம்?" என்றேன்.

"அதுக்கு நம்பர் இல்ல சார்."

"தோராயமா?"

"தோராயமா சொன்னா நீங்க அத்த கேலண்டர்ல குறிச்சுடுவீங்க. டாக்டர் சொல்றத செய்ங்க ஆன்ட்டி. காத்திருக்காதீங்க."

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல பாப்பா" என்றாள் மனைவி. "ஒயர் கழுத்துல ஓடறத நெனச்சாலே மூச்சு அடைக்குது."

அதற்குமேல் அவளிடம் பேச முடியவில்லை. எழுபது ஆக இன்னும் பதினெட்டு மாதம் இருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில், அவளுக்குத் தெரியாமல் திரும்பலை எண்ணினேன். செப்டம்பரில் பன்னிரண்டு. அக்டோபரில் பதின்மூன்று. இரண்டு தடவை அடுப்படியில் சாய்ந்து பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை பிடி கிடைக்காமல் உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை எண்ணியதால், தாள்களை அக்டோபர் நடுவில்தான் மாடிப் பெண்ணிடம் கொடுத்தேன். எந்தப் படம் எந்த எலி, எந்தக் கூட்டம் என்ற பட்டியலைக் கூடத்தில் வேறொருவர் பூட்டி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தாள். "நீங்கதான எண்ணினீங்க, இங்கயே பாக்கலாம்" என்றாள். அவள் எலி எண்ணைப் படிக்க, நான் இரண்டு வரிசையாக எழுதிக் கூட்டினேன். மரபணு இல்லாத எட்டு எலிகள், விளக்கு எரியும்போது பத்து நிமிடத்துக்குச் சராசரி முப்பத்தெட்டு திரும்பல். மரபணு உள்ள எட்டு, சராசரி ஆறு. இரண்டாம் தடவையும் கூட்டினேன். மாறவில்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. மூன்று வருட வேலை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கயிற்றுக்குள் விளைந்ததை எடைபோட்டு எழுதிவிட்டு எழுந்ததுபோல இருந்தது.

"அப்போ நல்லாயிடுச்சா?" என்றாள் மனைவி.

"வெளக்கு எரியற வரைக்கும் நேரா நடக்குது ஆன்ட்டி."

"அந்த எட்டும் இப்ப எங்க இருக்கு?"

மாடிப் பெண் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இப்ப இல்ல ஆன்ட்டி. மூளைய எடுத்து மெல்லிசா சீவி, வெளக்கோட நுனி சரியான எடத்துல இருந்துதா, மரபணு எதுவரைக்கும் பரவிச்சுனு மைக்ராஸ்கோப்புல பாக்கணும். அத்த பாக்காம எங்க கணக்க யாரும் நம்ப மாட்டாங்க."

"நல்லா ஆனதையுமா?"

"நல்லா ஆனதத்தான் மொதல்ல."

"வலிக்குமா?"

"மயக்கம் குடுத்துத்தான். வலிக்கவே வலிக்காது. எல்லாமே அனுமதி வாங்கித்தான்."

மனைவி தலையாட்டினாள். மேசைமேல் சிந்தியிருந்த சர்க்கரையை இடது கையால் ஒரு பக்கமாகத் தள்ளிக் குவித்தாள். மாடிப் பெண் லேப்டாப்பை மூடப் போனாள்.

"ஏங்க."

"ம்."

"மெட்ராசுக்கு போன் பண்ணுங்க. ஒயர் இருக்கறதே இருக்கட்டும். அவங்க வெச்சுட்டு வூட்டுக்கு அனுப்புவாங்க இல்ல?"

"அனுப்புவாங்க" என்றேன்.

"எடுத்துப் பாக்கணும்னு சொல்ல மாட்டாங்களே?"

"மாட்டாங்க ஆன்ட்டி" என்றாள் மாடிப் பெண். அவள் முதலில் சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜனவரியில் அறுவை சிகிச்சை நடந்தது. தலையை முழுக்க மழித்தார்கள். கம்பி வைக்கும்போது அவள் விழித்திருக்க வேண்டும் என்றார்கள். கையை மடக்கு, நீட்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல் என்று உள்ளே கேட்டார்களாம். "எங்க வூட்டுக்காரரக் கூப்பிடுங்க, அவரு நல்லா சொல்லுவாரு" என்றாளாம். ஐந்தரை மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் பதித்த ஓடு நீளத்துக்கு இருபத்தாறு, உயரத்துக்குப் பதினான்கு. இரண்டையும் பெருக்கிப் பார்த்தது தவிர வேறு எதையும் யோசித்ததாக நினைவில்லை.

நெஞ்சுப் பெட்டியில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, நான்கைந்து வருடத்தில் பேட்டரி தீர்ந்ததும் மறுபடி அறுத்து மாற்ற வேண்டியது. இன்னொன்று, தோலுக்கு மேலே ஒரு வட்டை வைத்துச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளக் கூடியது. விலை ஜாஸ்தி. "ரெண்டாவது வாட்டி அறுக்கறதுக்கு நான் வர மாட்டேன்" என்றாள். இரண்டாவதை வாங்கினோம்.

நான்கு வாரம் கழித்துக் கருவியை ஓடவிட்டார்கள். மருத்துவர் கையில் இருந்த சின்னத் திரையில் எண்ணைக் கூட்டக் கூட்ட, வலது கை நடுக்கம் குறைந்துகொண்டே வந்து நின்றது. தண்ணீர் நிறைந்த டம்ளரைக் கொடுத்தார்கள். ஒரு கையால் எடுத்துக் குடித்துவிட்டு, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் மேசையில் வைத்தாள். நர்ஸ் கைதட்டினாள். மனைவி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடையதோ என்பதுபோல. அழவில்லை. நானும் அழவில்லை.

பிறகு நடைபாதையில் நடக்கவிட்டு, திரும்பச் சொன்னார். அறுவைக்கு முந்தின நாள் பதினான்கு அடி. அன்று பன்னிரண்டு.

"கொஞ்சம் கம்மி ஆயிருக்கு" என்றேன்.

"திரும்பறதுக்கு அவ்வளவா கேக்காதுனு அன்னைக்கே சொன்னேனே சார்."

சொல்லியிருந்தார். அந்த வாக்கியத்தில் எண் இல்லை. அதனால் என் காதில் நிற்கவில்லை போல.

மாடிப் பெண் அந்த வருடம் மே மாதம் வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். விடைபெற வந்தபோது மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் பட்டை மாட்டி, நெஞ்சில் வட்டு வைத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தாள். "பாரு பாப்பா, எனக்கும் காத்துலயே வருது" என்றாள். வலது கையால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு இலையும் கீழே விழவில்லை. மாடிப் பெண் போகும்போது மனைவி வழியனுப்ப எழுந்தாள். அவள் வாசல் பக்கம் திரும்பி முடிப்பதற்குள் கார் தெரு முனையைத் தாண்டிவிட்டது.

கருவி, அறுவை சிகிச்சை, பரிசோதனைகள், லாட்ஜ், போகவர வேன், தலை மழித்தவருக்குக் கொடுத்த நூற்றைம்பது, நாற்காலிக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட பிளக் பாயின்ட் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு பதினைந்து லட்சத்து நாற்பதாயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய்.